ஒரே கணினிக்குள் மூன்று கணினிகள்: கெர்னலின் நெட்வொர்க் நிரலை எப்படிச் சோதிக்கிறார்கள்?

இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உள்ள ஒரு லினக்ஸ் கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கார்டுக்கு 192.0.2.1, இன்னொன்றுக்கு 192.0.2.2 என்று முகவரி கொடுத்து, இரண்டையும் ஒரு கேபிளால் இணையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சிறு செய்தி) கொடுத்தால் பதில் வரும். சரி, இப்போது கேபிளைப் பிடுங்கிவிட்டு மறுபடி பிங் கொடுங்கள். அப்போதும் பதில் வரும்.

அந்தச் செய்தியைச் சுமந்த பாக்கெட், அதாவது தரவுப் பொட்டலம், கேபிள் பக்கம் போகவே இல்லை என்பதுதான் காரணம். போய்ச்சேர வேண்டிய முகவரி தன்னுடையதே என்று இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலுக்குத் தெரிந்தால், லூப்பேக் வழியாக உள்ளுக்குள்ளேயே விஷயத்தை முடித்துவிடும். கெர்னல் செய்தது சரிதான். ஆனால் கார்டு டிரைவரைச் சோதிப்பதாக நினைத்து இதைச் செய்தவருக்கு என்ன கிடைத்தது? சோதனை தேறிவிட்டது, சோதிக்க நினைத்த நிரலில் ஒரு வரிகூட ஓடவில்லை.

கெர்னலின் நெட்வொர்க் நிரலைச் சோதிப்பதில் பாதி வேலை இதுதான். நாம் சோதிப்பதாக நினைப்பதைத்தான் உண்மையிலேயே சோதிக்கிறோமா என்று உறுதிசெய்துகொண்டே இருக்க வேண்டும். லினக்ஸை வைத்தே இதைச் சொல்கிறேன், அதன் சோதனைகள் எல்லாம் திறந்தே கிடப்பதால்.

முதலில், செயல்பாட்டுச் சோதனை என்றால் என்ன? வீட்டில் வயரிங் முடித்த எலக்ட்ரீஷியன் சுவரை உடைத்து வயரைப் பார்ப்பதில்லை, சுவிட்சைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார். அதே மாதிரி, நிரல் உள்ளே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்ற கவலை இல்லாமல், வெளியிலிருந்து ஒன்றைக் கொடுத்து, வர வேண்டியது வருகிறதா என்று பார்ப்பது செயல்பாட்டுச் சோதனை. ஒரே ஒரு ஃபங்ஷனைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சோதிப்பது யூனிட் டெஸ்ட். லினக்ஸ் கெர்னலில் அதற்கு கேயூனிட் என்ற சட்டகம் இருக்கிறது. விநாடிக்கு எத்தனை பாக்கெட் போகிறது என்று அளப்பது வேகச் சோதனை, அதுவும் வேறு கதை.

கெர்னலின் நெட்வொர்க் பகுதிக்கு வெளியுலகத்தோடு தொடர்பு மூன்று வாசல்கள் வழியாக. மேலே, நிரல்கள் சாக்கெட் என்ற இணைப்பு முனையைத் திறந்து எழுதி வாசிக்கும் சிஸ்டம் கால்கள், அதாவது கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகள். கீழே, கார்டு வழியாக வந்து போகும் பாக்கெட்டுகள். பக்கவாட்டில், நிர்வாகி முகவரியும் ரூட்டும் (பாக்கெட் போக வேண்டிய வழி) அமைக்கும் கட்டளைகள். ஒரு வாசலில் ஒன்றைக் கொடுத்து, இன்னொரு வாசலில் என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பாக்கெட்டை அனுப்பவும் வாங்கவும் எதிர்முனையில் ஒருவர் வேண்டுமே. ரூட்டிங்கைச் சோதிக்க வேண்டுமானால் நடுவில் ஒரு ரூட்டரும் வேண்டும். ஒவ்வொரு டெவலப்பரும் மேசையில் மூன்று கணினிகளை அடுக்கிவைத்துக்கொள்ள முடியாது.

இதற்கு லினக்ஸில் கிடைத்த வழி நெட்வொர்க் நேம்ஸ்பேஸ். 2008 வாக்கில் கெர்னலுக்குள் வந்தது. நிரல்களைத் தனித்தனியாக அடைத்து ஓட்டும் டாக்கர் போன்ற கண்டெய்னர்கள் எல்லாம் இன்று இதன் மேல்தான் நிற்கின்றன. ஒரு நேம்ஸ்பேஸ் உருவாக்கினால், அதற்குத் தனி ரூட்டிங் பட்டியல், தனி முகவரிகள், தனி ஃபயர்வால் விதிகள், தனி லூப்பேக் எல்லாம் கிடைக்கும். கெர்னல் ஒன்றுதான், ஆனால் நெட்வொர்க்கைப் பொறுத்தவரை அது தனிக் கணினி போலவே நடந்துகொள்ளும். பக்கத்து நேம்ஸ்பேஸின் முகவரியைத் தன்னுடையது என்று அது நினைக்காது என்பதால், மேலே பார்த்த பிங் ஏமாற்று இங்கே நடக்காது. இரண்டு நேம்ஸ்பேஸ்களை இணைக்க வீஎத் என்ற போலிக் கேபிள் இருக்கிறது. எப்போதும் இரண்டு முனைகளாகத்தான் பிறக்கும். ஒரு முனையில் போட்ட பாக்கெட் மறுமுனையில் வந்து விழும்.

இப்போது உருப்படியாக ஒரு சோதனை எழுதிப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது பாக்கெட்டின் அளவு பற்றிய ஒரு விதி. ஒரு இணைப்பில் ஒரே தடவையில் போகக்கூடிய மிகப்பெரிய பாக்கெட்டின் அளவை எம்டியு என்பார்கள். ஈதர்நெட்டில் வழக்கமாக 1500 பைட். வழியில் எங்கோ ஓர் இணைப்பில் அது 1400 ஆக இருந்து, 'என்னைத் துண்டாக்காதே' என்ற குறியோடு அதைவிடப் பெரிய பாக்கெட் வந்தால், நடுவில் உள்ள ரூட்டர் அதைக் கைவிட்டுவிட்டு, 'இது பெரிது, 1400க்குள் அனுப்பு' என்று அனுப்பியவருக்கு ஐசிஎம்பி (நெட்வொர்க்கின் பிழைகளையும் நிலைமையையும் அறிவிக்கும் முறை) செய்தி அனுப்ப வேண்டும். 1990இல் வந்த ஆர்எஃப்சி 1191 சொல்வது இது. விபிஎன் போட்டதும் சில வலைத்தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும் அனுபவம் உங்களுக்கு இருந்தால், பல சமயம் இந்தச் செய்தி வழியில் எங்கோ தொலைந்துபோனதுதான் காரணம்.

மூன்று நேம்ஸ்பேஸ்கள்: இடது, ரூட்டர், வலது. இடதுக்கு 192.0.2.2, அதைப் பார்த்திருக்கும் ரூட்டர் முனைக்கு 192.0.2.1. வலதுக்கு 198.51.100.2, அந்தப் பக்கத்து ரூட்டர் முனைக்கு 198.51.100.1. இந்த முகவரித் தொகுதிகள் இரண்டும் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கிவைக்கப்பட்டவை, நிஜ இணையத்தில் யாருக்கும் சொந்தமில்லை. ரூட்டருக்கும் வலதுக்கும் இடையே உள்ள வீஎத்தின் எம்டியுவை 1400 ஆகக் குறைக்கிறோம். இரு பக்கமும் ரூட்டைச் சொல்லிவிட்டு, ரூட்டர் நேம்ஸ்பேஸில் பாக்கெட்டைக் கடத்தும் வசதியை இயக்குகிறோம்.

அந்தக் கடைசி வரியில் ஒரு வேடிக்கை உண்டு. புது நேம்ஸ்பேஸ் ஐபிவி4க்கான இந்த அமைப்பைப் பிரதான நேம்ஸ்பேஸிலிருந்து நகலெடுத்துக்கொள்ளும். டாக்கர் ஓடும் கணினியில் டாக்கரே அதை ஏற்கெனவே இயக்கி வைத்திருக்கும். ஆகவே அந்த வரியை எழுத மறந்தாலும் டெவலப்பரின் லேப்டாப்பில் சோதனை தேறும், வெறும் கணினி ஒன்றில் ஓட்டினால் விழும். 'என் மெஷினில் ஓடுகிறதே' என்ற பழைய வசனம் கெர்னல் உலகத்தையும் விட்டுவைக்கவில்லை. சோதனைக்குத் தேவையானது எதுவாக இருந்தாலும் சோதனையே அதை வெளிப்படையாக அமைத்துக்கொள்ள வேண்டும்.

மேடை தயார். இனி பிங். பிங் சுமக்கும் தரவுக்கு மேல் ஐபி தலைப்பு 20 பைட், ஐசிஎம்பி தலைப்பு 8 பைட் சேரும். ஆக 1372 பைட் தரவு வைத்தால் பாக்கெட் சரியாக 1400. 1373 வைத்தால் 1401. துண்டாக்காதே குறியோடு இடதிலிருந்து வலதுக்கு 1373 அனுப்பினால் போகக்கூடாது. புதிதாக எழுதுபவர்கள் இதை மட்டும் சோதித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். அது போதாது.

ஏன் என்றால், பிங் தோற்க ஆயிரம் காரணங்கள் இருக்கலாம். ரூட் தவறாக இருந்தாலும் தோற்கும், வீஎத்தை இயக்க மறந்திருந்தாலும் தோற்கும். தோல்வியை எதிர்பார்க்கும் சோதனை, மேடை பாதியில் சரிந்து கிடந்தாலும் 'தேறியது' என்றுதான் சொல்லும். அதனால் அதே மேடையில் முதலில் 1372 போய்ச் சேர வேண்டும், அப்புறம் 1373 தோற்க வேண்டும். ஒரு பைட் வித்தியாசத்தில் ஒன்று தேறி ஒன்று தோற்றால், தோல்விக்குக் காரணம் அளவுதான் என்று நம்பலாம். அதோடு, ரூட்டரிடமிருந்து வந்த செய்தியில் 1400 என்ற எண் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். குறி இல்லாமல் அனுப்பிய 1373, துண்டாகியாவது போய்ச் சேர வேண்டும்.

இன்னும் ஒன்று. அதே 1373 பிங்கை இரண்டாவது தடவை கொடுத்துப் பாருங்கள். இப்போதும் தோற்கும், ஆனால் பிழைச் செய்தி வேறாக இருக்கும். முதல் தடவை மறுத்தது ரூட்டர். இரண்டாவது தடவை மறுப்பது இடது நேம்ஸ்பேஸே. ரூட்டர் சொன்ன 1400ஐ அது நினைவில் வைத்துக்கொண்டு, பாக்கெட்டை வெளியே விடாமலேயே நிறுத்திவிடுகிறது. இயல்பாக அந்த நினைவு 10 நிமிடம் நிற்கும். ஆக, ஒரே கட்டளை, ஒரே தோல்வி, ஆனால் கெர்னலின் இரு வேறு பகுதிகள் சோதிக்கப்படுகின்றன. முந்தைய சோதனை விட்டுச்சென்ற நினைவு அடுத்த சோதனையின் முடிவை மாற்றிவிடும் என்பதையும் இங்கேயே பார்க்கிறோம். ஒவ்வொரு சோதனைக்கும் நேம்ஸ்பேஸ்களை அழித்துப் புதிதாகக் கட்டுவது வீண்வேலை அல்ல.

எழுதிய சோதனை உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, அது விழ வேண்டிய இடத்தில் விழுகிறதா என்று பார்ப்பது. கெர்னலில் ஒரு பிழையைத் திருத்தி, அதற்கு ஒரு சோதனையும் எழுதினால், திருத்தத்தை நீக்கிவிட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் தேறினால் அந்தச் சோதனை எதையும் காவல் காக்கவில்லை. இந்த ஒரு பழக்கத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பை வேறு எந்தக் கருவிக்கும் கொடுக்க மாட்டேன்.

நேரம் என்பது தனித் தலைவலி. சோதனை ஒரு சர்வரைப் பின்னணியில் தொடங்கிவிட்டு உடனே கிளையண்டை இணைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சர்வர் போர்ட்டில் காத்திருக்கத் தொடங்குவதற்கு முன்பே கிளையண்ட் தட்டிவிட்டால் இணைப்பு மறுக்கப்படும். இதைச் சமாளிக்கப் பலரும் நடுவில் ஒரு விநாடி தூங்கவைப்பார்கள். நல்ல கணினியில் அது போதும். ஆனால் நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் வசதிகளை எல்லாம் இயக்கிய டீபக் கெர்னலை மெய்நிகர் கணினிக்குள் ஓட்டும்போது எல்லாமே மந்தமாகிவிடும், ஒரு விநாடி போதாது. பத்தில் ஒரு தடவை மட்டும் விழும் சோதனை பிறப்பது இப்படித்தான். அப்படி ஒன்று இருந்தால், அது நிஜமாகவே ஒரு பிழையைப் பிடிக்கும் நாளில்கூட யாரும் நம்பமாட்டார்கள். 'அது எப்பவும் அப்படித்தான்' என்று மறுபடி ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சரியான வழி, போர்ட் திறந்துவிட்டதா என்று திறக்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்பதும், அதற்கு ஒரு பெரிய உச்சவரம்பு வைப்பதும்தான். லினக்ஸ் சோதனைகளில் இதற்கென்றே பொதுவான உதவி ஃபங்ஷன்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஐபிவி6இல் இதே வகைப் பொறி ஒன்று உண்டு. ஒரு முகவரியைக் கொடுத்ததும், அதை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கெர்னல் முதலில் அக்கம்பக்கத்தில் கேட்டுப் பார்க்கும். ஒன்றிரண்டு விநாடி கழித்துத்தான் அந்த முகவரி முழுமையாகப் பயனுக்கு வரும். அதுவரை அதை வைத்து இணைய முயன்றால் தோல்விதான். ஐபிவி4இல் ஒழுங்காக ஓடிய சோதனையை அப்படியே நகலெடுத்து முகவரியை மட்டும் மாற்றுபவர்கள் இங்கேதான் விழுவார்கள். நம் சொந்த மேடையில் வேறு யாரும் இல்லை என்பதால், முகவரி கொடுக்கும்போதே அந்தச் சரிபார்ப்பு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

நேம்ஸ்பேஸும் வீஎத்தும் வசதியானவைதான், ஆனால் அவை நிஜ நெட்வொர்க் இல்லை. வீஎத் சாதாரணமாகப் பாக்கெட்டைத் தொலைக்காது, வரிசை மாற்றாது, கெடுக்காது. தரவு வழியில் கெட்டதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு எண்ணான செக்சமைக் கணக்கிடும் வேலையைக்கூடத் தவிர்த்துவிடும். ஒரே கணினியின் நினைவகத்துக்குள் நகரும் பாக்கெட்டுக்கு அது எதற்கு என்ற நியாயத்தில். இந்த நியாயம் ஒரு தடவை பெரிதாகச் சறுக்கியது. 2016 தொடக்கத்தில் ட்விட்டர் பொறியாளர்கள் வெளிக்கொண்டுவந்த பிழை அது. பழுதான நெட்வொர்க் சாதனம் ஒன்றால் சிதைந்த பாக்கெட்டுகள், கண்டெய்னர்களுக்குள் இருந்த நிரல்களுக்கு நல்ல தரவு போலவே போய்ச் சேர்ந்துகொண்டிருந்தன. தரவை முழுமையாகக் கொண்டுசேர்க்கும் விதிமுறையான டிசிபியில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 16 பிட் செக்சம் உண்டு. சிதைந்ததை அது பிடித்துக் கைவிட்டிருக்க வேண்டும். ஆனால் 'செக்சம் இன்னும் பார்க்கப்படவில்லை' என்ற குறியோடு வெளியிலிருந்து வந்த பாக்கெட்டுகளை, வீஎத் டிரைவர் 'பார்த்தாகிவிட்டது' என்று மாற்றிவிட்டது. இரண்டு கண்டெய்னர்களுக்கு நடுவே மட்டும் சோதித்தால் இது ஜென்மத்துக்கும் தெரியாது. வெளியிலிருந்து வந்து, வீஎத் வழியாக உள்ளே போகும் பாக்கெட், அதுவும் சிதைந்த பாக்கெட் வேண்டும். சில வரிகளை நீக்கியதுதான் திருத்தம்.

இப்படிக் கெடுத்து அனுப்ப லினக்ஸிலேயே ஒரு கருவி இருக்கிறது, நெட்எம் என்று. ஓர் இணைப்பில் தாமதம், இழப்பு, வரிசை மாற்றம், பிட் சிதைவு என்று எது வேண்டுமோ அதைச் சேர்க்கலாம். ஆனால் 10 சதவீதம் பாக்கெட் தொலையட்டும் என்று சொன்னால் எந்தப் பாக்கெட் தொலையும் என்பது அதிர்ஷ்டம். தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்க அது போதும். 'மூன்றாவது பாக்கெட் தொலைந்தால் கெர்னல் சரியாக இதைத்தான் செய்ய வேண்டும்' என்று சோதிக்க அது உதவாது.

அதற்குத்தான் பாக்கெட்ட்ரில். கூகுள் பொறியாளர்கள் உருவாக்கி 2013இல் வெளியிட்டார்கள். நேம்ஸ்பேஸ் முறையில் எதிர்முனையிலும் இருப்பது ஒழுங்காக நடந்துகொள்ளும் லினக்ஸ்தான். அது தவறான பாக்கெட்டை அனுப்பவே அனுப்பாது. பாக்கெட்ட்ரிலில் எதிர்முனை என்று ஒரு கணினி இல்லை. அந்த இடத்தில் நாம் எழுதும் ஸ்கிரிப்டே உட்கார்ந்துகொள்கிறது. இந்த நேரத்தில் இந்தச் சிஸ்டம் கால், இந்த நேரத்தில் வெளியிலிருந்து இந்தப் பாக்கெட் வருகிறது, இந்த நேரத்தில் கெர்னல் இந்தப் பாக்கெட்டை வெளியே விட வேண்டும் என்று வரிவரியாக எழுதுகிறோம். கெர்னல் ஒரு இலக்கம் மாறி அனுப்பினாலும், நேரம் அனுமதித்த வரம்பைத் தாண்டினாலும் சோதனை அங்கேயே நின்றுவிடும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஸ்கிரிப்டின் முதல் வரிகளில் ஒரு சாக்கெட் திறந்து இணைப்புக்குக் காத்திருக்கிறது. அடுத்து, வெளியிலிருந்து இணைப்பு கேட்கும் சின் பாக்கெட் ஒன்று வருகிறது. கெர்னல் அதை ஏற்கும் சின்-ஆக் அனுப்ப வேண்டும். அதற்கு ஸ்கிரிப்ட் பதிலே சொல்லாமல் சும்மா இருக்கும். ஒரு விநாடி கழித்து கெர்னல் சின்-ஆக்கை மறுபடி அனுப்ப வேண்டும், அப்புறம் காத்திருப்பு இரட்டிப்பாகி மூன்றாவது விநாடியில் இன்னொரு தடவை. ஐந்தாறு வரிதான். நிஜக் கிளையண்டை வைத்து இதைச் செய்ய வேண்டுமானால் சரியான நொடியில் கேபிளைப் பிடுங்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

எதிர்முனை எப்போதும் நல்லவனாக இருந்தால் என்ன தப்பிப்போகும் என்பதற்கு 2019 ஜூனில் வெளியான சாக் பேனிக் என்ற பாதுகாப்பு ஓட்டை நல்ல சாட்சி. நெட்ஃபிளிக்ஸ் பொறியாளர் ஒருவர் கண்டுபிடித்தது. ஒரு பாக்கெட்டில் தரவு அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பதை டிசிபி இணைப்பின் தொடக்கத்தில் எதிர்முனை சொல்லும். சாதாரணமாக 1460 என்று சொல்லும். விஷமக்காரன் 48 என்று சொன்னால் லினக்ஸ் அதையும் ஏற்றுக்கொள்ளும். தலைப்பின் கூடுதல் விவரங்கள் 40 பைட்டைத் தின்றுவிட்டால் தரவுக்கு மிஞ்சுவது வெறும் 8 பைட். கெர்னலின் ஒரு பாக்கெட் பஃபரில் 17 துண்டுகள் வரை இருக்கலாம், ஒவ்வொன்றும் 32 கிலோபைட் வரை. அதை எட்டு எட்டாகப் பிரித்தால் 69,632 பகுதிகள். அந்த எண்ணிக்கையை வைத்திருந்ததோ 16 பிட் இடம், 65,535க்கு மேல் தாங்காது. எண் வழிந்து, கெர்னல் அப்படியே நின்றுவிடும். தொலைவிலிருந்து யார் வேண்டுமானாலும் சர்வரைக் கவிழ்க்கலாம். 2009இல் வந்த 2.6.29 முதல் பத்து வருடம் இது உள்ளேயே இருந்தது. ஒழுங்கான இரு லினக்ஸ்களை எத்தனை கோடி தடவை பேசவிட்டாலும் 48 என்று யாரும் சொல்லப்போவதில்லை.

இப்படிப்பட்ட விபரீதங்களைத் தேடித் தர சிஸ்காலர் போன்ற ஃபஸ்ஸர்கள் இருக்கின்றன. கண்டபடி சிஸ்டம் கால்களையும் பாக்கெட்டுகளையும் கொடுத்துக்கொண்டே இருப்பது அவற்றின் வேலை. ஆனால் அவற்றுக்குச் சரியான விடை தெரியாது. கெர்னல் விழுந்தால் கண்டுபிடிக்கும். விழாமல் 1400க்குப் பதில் 1300 என்று தப்பாகச் சொன்னால் அவற்றுக்கு உறைக்காது. அதைச் சொல்ல, விதி தெரிந்த ஒருவர் எழுதிய செயல்பாட்டுச் சோதனைதான் வேண்டும்.

லினக்ஸின் சோதனைத் தொகுப்பில் ஒவ்வொரு சோதனையும் முடிவில் ஓர் எண்ணைத் திருப்பும். 0 என்றால் தேறியது, 1 என்றால் விழுந்தது, 4 என்றால் தவிர்க்கப்பட்டது. இந்த 4 என்ற எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். தேவையான வசதி இல்லாமல் கெர்னலைக் கட்டியிருந்தாலோ, ஒரு கருவி நிறுவப்படாமல் இருந்தாலோ சோதனை நான்கைத் திருப்பிவிட்டு ஒதுங்கிவிடும். சிவப்பு எதுவும் இல்லையே என்று சந்தோஷப்படுவோம், பாதி ஓடியே இருக்காது. தேவையான கெர்னல் அமைப்புகளின் பட்டியல் அதே அடைவில் ஒரு கோப்பில் இருக்கும்; கெர்னலைக் கட்டுவதற்கு முன் அதைச் சேர்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும்.

மற்ற இயங்குதளங்களிலும் இதே சிந்தனைதான், கருவிகள் மட்டும் வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் நேம்ஸ்பேஸின் இடத்தில் தனி நெட்வொர்க் கொண்ட ஜெயில்கள், வீஎத்தின் இடத்தில் ஈபேர். நெட்பிஎஸ்டிக்காரர்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடிக்கும். ரம்ப் கெர்னல் என்ற முறையில், கெர்னலின் நெட்வொர்க் நிரலை அப்படியே எடுத்து ஒரு சாதாரண ப்ராசஸாக ஓட்டுகிறார்கள். அது பேனிக் ஆனால், அதாவது மீளமுடியாத பிழையில் நின்றுபோனால், சாவது அந்த ப்ராசஸ் மட்டுமே, கணினி நிற்பதில்லை.

லினக்ஸின் இந்தச் சோதனைகள் வழக்கமாக அப்படி ஓடுவதில்லை. சோதனை கெர்னலைக் கவிழ்த்தால் சோதனையும் கூடவே கவிழும், நீங்கள் சேமிக்காத கோப்பும் போகும். ஆகவே முயன்று பார்க்க விரும்புபவர்கள் சொந்தக் கணினியில் நேரடியாக ஓட்ட வேண்டாம். விர்ட்மி என்ஜி என்ற கருவி, நீங்கள் கட்டிய கெர்னலை உங்கள் கோப்புகளோடேயே ஒரு மெய்நிகர் கணினியில் சில விநாடிகளில் எழுப்பித் தரும். கெர்னல் மூலநிரலில் டூல்ஸ், அதற்குள் டெஸ்டிங், அதற்குள் செல்ஃப்டெஸ்ட்ஸ், அதற்குள் நெட் என்ற அடைவுக்குப் போங்கள். நாம் மேலே எழுதிய சோதனையின் முழு வடிவம் அங்கே பிஎம்டியு என்ற ஷெல் ஸ்கிரிப்டில் இருக்கிறது. மிக நீளமானது, முழுவதையும் வாசிக்க வேண்டாம். தலைப்பகுதியில் எந்த நேம்ஸ்பேஸ் எதோடு இணைகிறது என்று எழுத்துகளாலேயே படம் வரைந்திருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் மூன்று நேம்ஸ்பேஸ்களைக் கட்டி, 1372ஐயும் 1373ஐயும் அனுப்பிப் பாருங்கள். நேம்ஸ்பேஸுக்குள் லூப்பேக் இயல்பாக அணைந்தே இருக்கும், அதையும் மறக்காமல் இயக்கிக்கொள்ளுங்கள்.